எழுதப்படாத பத்து: ஈரிலக்கக் கூட்டலும் செயல்வழிக் கற்பித்தலும்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் 2022 ஜூன் 13 அன்று தொடங்கப்பெற்றதிலிருந்து, சிறு குழந்தைகளுக்குக் கணக்குக் கற்பிப்பது பற்றிய பேச்சில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது. குழந்தை பொருள்களைக் கையால் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, எண்ணி, மகிழ்ச்சியோடு சரியான விடையைச் சொல்லிவிட்டால், அது கணக்கைப் புரிந்துகொண்டுவிட்டது என்பதே அந்த வாதம். பயிற்சிக் கூட்டங்களிலும், ஆசிரியர்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் வகுப்பறைக் காணொளிகளிலும், கற்பித்தல் முறைகளைப் பாராட்டி எழுதப்படும் கட்டுரைகளிலும் இது ஆராய்ந்து பார்க்கப்பட வேண்டிய ஒரு கருத்தாக அல்லாமல், முடிந்த முடிபாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓரிலக்க எண்களைப் பொறுத்தவரை இதனால் பெருந்தீங்கு இல்லை. ஈரிலக்கக் கூட்டலுக்கு வரும்போதுதான் இந்த வாதம் முறிகிறது. முறிந்தது வெளியே தெரியாமல் விடை சரியாக வந்துகொண்டிருப்பதால், முறிவு ஓரிரு ஆண்டுகள் கழித்தே புலப்படுகிறது. அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டத்தைப் போல முந்திரிச் சாகுபடியும் மானாவாரி வேளாண்மையும் நெசவும் வாழ்வுக்கு ஆதாரமாக உள்ள வட்டாரங்களில், வீட்டில் அமர்த்திக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லாத குழந்தைகளுக்குப் பள்ளியில் கிடைப்பதே கிடைக்கும் கணக்கு முழுவதுமாகும் என்பதால், இக்குறையைப் பேசாமல் விடுவது முறையாகாது.

இம்முறையின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் ஊரகக் கல்வி முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முனைப்பால் 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் தழுவியதாக விரிந்த செயல்வழிக் கற்றல், அதாவது பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, படிக்கொரு முத்திரையிட்ட அட்டைகளைக் கொண்டு குழந்தையைத் தன் வேகத்தில் ஏணி ஏறச் செய்யும் முறை, ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிக் குழந்தைகளோடு பாயில் அமரவைத்தது; குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையைக் கொண்டுவந்தது; கணக்கு என்றாலே பிரம்பு என்றிருந்த அச்சத்தைப் பெரிதும் குறைத்தது. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் அமரும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அதற்கு முன் இருந்ததில்லை. குழந்தைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுவாக்கி, செயல்பாட்டுக் களம், கதைக் களம் என வகுப்பறையைப் பகுத்த எண்ணும் எழுத்தும் இயக்கமும் அந்த மரபின் தொடர்ச்சியே. கொரோனாக் காலத்தில் பள்ளியை இழந்த குழந்தைகளைத் திரும்ப வகுப்பறைக்குள் ஈர்த்ததில் அதற்குப் பங்குண்டு. இவ்வளவும் உண்மை, இவற்றுள் எதுவும் இக்கட்டுரை எழுப்பும் வினாவுக்கு விடையாகாது என்பதும் உண்மை.

ஈரிலக்கக் கூட்டலை ஓரிலக்கக் கூட்டலின் நீட்சியாகக் கருதுவதே பிழையின் தொடக்கம். மூன்றையும் ஐந்தையும் கூட்டும்போது 3 என்ற குறிக்கு நேராக மூன்று பொருள்களும், 5 என்ற குறிக்கு நேராக ஐந்து பொருள்களும் தரையில் கிடக்கின்றன; குறிக்கும் பொருளுக்கும் இடையே எந்த மறைப்பும் இல்லை. 28 என்று எழுதும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. அதிலுள்ள 2 இரண்டு பொருள்களைச் சுட்டவில்லை, இரண்டு பத்துகளைச் சுட்டுகிறது; ஆனால் அந்தப் பத்து எங்கும் எழுதப்படவில்லை. இலக்கம் நிற்கும் இடத்தைக் கொண்டு அதன் மதிப்பை அறியும் இந்த ஏற்பாட்டையே இடமதிப்பு என்கிறோம். பழந்தமிழ் எண்ணெழுத்தில் இதே எண் ௨௰௮ என எழுதப்பட்டது; நடுவிலுள்ள ௰ பத்துக்கெனவே அமைந்த குறி. சோழர் காலக் கல்வெட்டுகளிலும், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் உருப்போட்ட எண்சுவடியிலும் பத்து கண்ணுக்குத் தெரிந்தது. இடமதிப்பு முறை கணக்கிடுவதைப் பெரிதும் எளிதாக்கியது. அதற்கு ஈடாகப் பத்தைப் பார்வையிலிருந்து மறைத்தது. ஆகவே, இன்றைய ஆறு ஏழு வயதுக் குழந்தைக்கு ஈரிலக்கக் கூட்டலில் கற்பிக்க வேண்டிய தலையாய செய்தி ஒன்றே: எழுதப்படாத அந்தப் பத்தைக் குறியினுள் காணும் திறன். இனமாற்றம், அதாவது ஒன்றுகள் பத்தாகத் திரண்டவுடன் அவற்றை ஒரு பத்தாக மாற்றி அடுத்த இடத்தில் சேர்ப்பது, இத்திறன் வாய்த்த குழந்தைக்கு இயல்பாக வரும். வாய்க்காத குழந்தைக்கு "5 போட்டு மீதி 1" என்னும் பொருளற்ற சடங்காகவே நிற்கும்.

இப்போது நடைமுறையில் உள்ள செயல்பாடுகளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும். மிகப் பரவலாகக் காணப்படும் செயல்பாடு, புளியங்கொட்டைகளையோ சோழிகளையோ கூழாங்கற்களையோ கொண்டு எண்ணிக் கூட்டுவது. (முந்திரி மிகுந்த ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை எளிதில் கிடைக்குமே என்று தோன்றலாம், ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் பச்சைக் கொட்டையைச் சிறு குழந்தைகளின் கையில் கொடுக்கலாகாது.) 28, 35 ஆகியவற்றைக் கூட்டவேண்டிய குழந்தை, முதலில் 28 கொட்டைகளை எண்ணி எடுக்கிறது, பிறகு 35 கொட்டைகளை எண்ணி எடுக்கிறது, இரண்டு குவியலையும் ஒன்றாக்கி, ஒன்றிலிருந்து தொடங்கி 63 வரை எண்ணுகிறது. ஒரே ஒரு கணக்குக்கு 126 முறை வாய் எண்ணைச் சொல்லியிருக்கிறது, கை 126 முறை அசைந்திருக்கிறது, விடையும் சரி. ஆனால் இந்த 126 அசைவுகளில் ஒன்றிலேனும் அக்குழந்தை பத்தைப் பற்றி எண்ணவேண்டிய தேவை எழவில்லை. எண்களின் பெயர்களை முறை பிறழாமல் சொல்லத் தெரிந்தால் போதும். ஈரிலக்கக் கூட்டலின் விடையைப் பெற்றுக்கொண்டே ஈரிலக்கக் கூட்டலைத் தவிர்த்துவிடும் வழியொன்றைச் செயல்பாடே குழந்தைக்குத் திறந்துவிடுகிறது. கை எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குகிறதோ அவ்வளவுக்கு அந்தத் தவிர்ப்பு பார்வையாளரின் கண்ணில் படாமல் போகிறது.

இந்தக் குறையை உணர்ந்தவர்கள் குச்சிக்கட்டை முன்வைப்பர். பத்துப் பத்துக் குச்சிகளை ரப்பர் வளையமிட்டுக் கட்டி, இரண்டு கட்டும் எட்டுத் தனிக்குச்சியும் ஒருபுறம், மூன்று கட்டும் ஐந்து தனிக்குச்சியும் மறுபுறம் வைத்து, தனிக்குச்சிகள் பதின்மூன்றில் பத்தைக் கட்டி, ஆறு கட்டும் மூன்று தனிக்குச்சியுமாக விடையைக் காண்பது மேலான முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு வினாக்கள் எஞ்சுகின்றன. முதலாவது, கட்டைக் கட்டுவது யார்? பாட வேளையின் நெருக்கடியில் நேரத்தை மிச்சப்படுத்த ஆசிரியரே முன்கூட்டிக் கட்டிவைப்பது எளிது; அப்படிக் கட்டிவைத்த கட்டு குழந்தைக்குப் பத்து ஒன்றுகள் திரண்ட ஒன்றாகத் தோன்றுவதில்லை, தடித்த குச்சி ஒன்றாகவே தோன்றுகிறது. பதின்மூன்றில் பத்தைத் தன் கையால் எண்ணிக் கட்டி, அவ்வாறு கட்டியதைக் கட்டுகளோடு சேர்க்கும் அந்த ஒரு கணம்தான் பாடத்தின் உயிர். அதை ஆசிரியரோ குழுவிலுள்ள விரைவான மற்றொரு குழந்தையோ செய்துவிட்டால், எஞ்சியவர்களுக்குப் பாடம் நடக்கவேயில்லை.

இரண்டாவது வினாவே முதன்மையானது: கட்டு கட்டப்பட்ட அந்தக் கணத்தில் ஏட்டில் எழுதப்பட்டது என்ன? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. செயல்பாடு முழுவதும் முடிந்து, குச்சிகள் பெட்டிக்குள் போன பிறகு, 63 என்ற விடை மட்டும் எழுதப்படுகிறது. எட்டும் ஐந்தும் பதின்மூன்றானதும், அதிலிருந்து ஒரு பத்து பிரிந்து இடம் மாறியதும், மூன்று மட்டும் தங்கியதும் கையில் நிகழ்ந்தன, எழுத்தில் நிகழவில்லை. குழந்தையின் முன் இப்போது இரண்டு உலகங்கள் இருக்கின்றன. தரையிலுள்ள குச்சிகளின் உலகில் 28-உம் 35-உம் சேர்ந்தால் 63. ஏட்டின் உலகிலோ, எட்டுக்குக் கீழே ஐந்தை எழுதிக் கூட்டினால் 13, இரண்டுக்குக் கீழே மூன்றை எழுதிக் கூட்டினால் 5; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 513. தொடக்க வகுப்புக் கணக்கைத் திருத்திய எந்த ஆசிரியருக்கும் இந்த 513 பழகிய விடை. குச்சியில் பிழையின்றிக் கூட்டிய குழந்தை ஏட்டில் இதை எழுதுவது கவனக்குறைவால் அன்று. ஏடு குச்சியைப் பற்றியது என்று அதற்கு எவரும் காட்டாததால்தான். ஓருலகின் 63 மற்றோர் உலகின் 513-ஐ மறுக்கிறது என்ற உணர்வே எழாதவாறு இரண்டும் தனித்தனியே கற்பிக்கப்பட்டிருக்கின்றன.

"முதலில் பொருள், பிறகு படம், இறுதியில் எழுத்து; எழுத்து தன் காலத்தில் வரும்" என்பதே இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் அறிவைச் செயல்வழி, உருவழி, குறிவழி என மூன்று வகையாக மனம் பதிந்துகொள்கிறது என்று எழுதியதை, இம்மூன்றும் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் மூன்று தனிப் பருவங்கள் என்று எளிமைப்படுத்திக்கொண்டதன் விளைவு இம்மறுமொழி. செயல்வழிக் கற்றலின் ஏணியில் இந்த எளிமைப்படுத்தல் அமைப்பாகவே உறைந்துவிட்டது: அறிமுகத்துக்கு ஓர் அட்டை, வலுவூட்டலுக்கு ஓர் அட்டை, பயிற்சிக்கு ஓர் அட்டை, மதிப்பீட்டுக்கு ஓர் அட்டை என்று படிகள் பிரிக்கப்பட்டபோது, பொருளைக் கையாளும் நாளும் ஏட்டில் எழுதும் நாளும் வெவ்வேறாயின. இடையில் விடுமுறை வரலாம், குழந்தை வராமற் போகலாம், அட்டை கிழிந்துபோகலாம். பொருளும் எழுத்தும் ஒரே நிமிடத்தில் ஒரே குழந்தையின் முன் அருகருகே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. எழுத்து தன் காலத்தில் வரத்தான் செய்கிறது. ஆனால் குச்சியோடு உறவில்லாத வேறொரு பாடமாக வருகிறது.

பொருளைக் கையாண்டதாலேயே கருத்து எழுத்துக்குத் தாவிவிடும் என்ற நம்பிக்கையைக் கணிதக் கல்வி ஆய்வுகள் நெடுநாளைக்கு முன்பே ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டன. லாரன் ரெஸ்னிக், சூசன் ஓமன்சன் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தடிமானக் கட்டைகளைக் கொண்டு கழித்தலைக் கற்பிக்கப்பெற்ற குழந்தைகள் கட்டைகளை நன்கு கையாண்டபோதும், எழுத்துக் கணக்கில் தம் பழைய பிழைகளுக்கே பெரிதும் திரும்பினர். இதைக் காட்டிப் பொருள்களையே புறக்கணிப்பதும் தவறு. ஏனெனில் 1990-இல் கேரன் ஃபியூசன், டயேன் பிரையர்ஸ் ஆகியோர் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அதே வகைக் கட்டைகளைக் கொண்டு கற்பித்தபோது பல இலக்கக் கூட்டலில் சிறந்த பயன் கிட்டியது. அவர்கள் முறையின் இயல்பு, கட்டையில் செய்யும் ஒவ்வொரு அசைவும் அப்பொழுதே எண்ணாக எழுதப்படுவது. பொருள்களின் பயன் குறித்த 55 ஆய்வுகளைத் தொகுத்து கீரா கார்பனோ முதலியோர் 2013-இல் வெளியிட்ட மதிப்பீடும், பொருளின் பயன் ஆசிரியரின் வழிகாட்டல் எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுவதைக் கண்டது. குழந்தையைப் பொருள்களோடு விட்டுவிட்டால் அது தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது கேட்க இனிமையான கூற்று. சான்றுகள் அதன் பக்கம் நிற்கவில்லை.

இந்தியாவிலிருந்தே இதற்கு அண்மையில் கிடைத்த சான்று இன்னும் கூர்மையானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் விற்பனையில் ஈடுபட்டிருந்த சிறார்களிடம் நடத்தி, 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், விற்கும் பொருளுக்கு விலையும் மீதிச் சில்லறையும் மனத்தாலேயே சரியாகக் கணக்கிட்ட சிறார்கள், அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாட வடிவில் கொடுத்தபோது தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். நாள்தோறும் உண்மையான பொருளையும் உண்மையான பணத்தையும் கையாளும் பிள்ளைக்கே, கையிலுள்ள கணக்கு தானாக ஏட்டுக்கு ஏறவில்லை. வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் புளியங்கொட்டையைத் தொடும் குழந்தைக்கு அது தானாக ஏறும் என்று நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது?

பொருளையும் எழுத்தையும் பிணைக்கும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய பொன்மணிகள், அதாவது தனி மணிகளையும் பத்து மணி கோத்த கம்பிகளையும் நூறு மணிச் சதுரங்களையும் கொண்ட கருவி, இன்று கண்காட்சிகளில் விதவிதமாகப் போலச் செய்யப்படுகிறது. ஆனால் அவர் முறையில் மணிகள் தனியே வருவதில்லை. 20 என்று எழுதிய நீண்ட அட்டையும் 8 என்று எழுதிய சிறிய அட்டையும் உடன் வருகின்றன. இரண்டு கம்பிகளையும் எட்டு மணிகளையும் எடுத்துவைத்த குழந்தை, நீண்ட அட்டையின் பூச்சியத்தின்மேல் சிறிய அட்டையைப் பொருத்தி 28 ஆக்குகிறது. பிரித்தால் பூச்சியம் மீண்டும் வெளிப்பட்டு 20 தெரிகிறது. மறைந்த பத்தை வெளிப்படுத்தும் கருவி அந்த அட்டைதான். மணிகளை எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுவிட்டவர்கள், அம்முறையின் கண்ணுக்கினிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்.

துணைக்கருவிகளைத் தேர்வதிலும் இதே கவனமின்மை தென்படுகிறது. குழந்தை தானே கட்டும் குச்சிக்கட்டில் பத்து ஒன்றுகளும் கண்முன் இருக்கின்றன, கட்டை அவிழ்த்தால் திரும்பக் கிடைக்கின்றன. பத்து மணிக் கம்பியில் அவை தெரிகின்றன, ஆனால் பிரிக்க முடியாது. பத்து ரூபாய்த் தாளில் பத்து நாணயங்கள் தெரிவதே இல்லை. அது ஓர் உடன்பாடு. ஆணிமணிச்சட்டத்தில், அதாவது ஒன்றுகளுக்கும் பத்துகளுக்கும் தனித்தனி ஆணி நட்ட பலகையில், பத்துகளின் ஆணியிலுள்ள மணியும் ஒன்றுகளின் ஆணியிலுள்ள மணியும் அளவில் ஒன்றே. நிற்கும் இடம் மட்டுமே வேறு. எழுதப்பட்ட 28-இல் உள்ள சிக்கல் முழுவதும் அப்படியே அந்தச் சட்டத்திலும் இருக்கிறது. தொடத்தக்க பொருள் என்பதாலேயே அதைத் தொடக்கநிலைக் கருவியாகக் கொடுப்பது, குறியை மரத்தில் செய்து கொடுப்பதற்கு ஒப்பாகும். இந்த வரிசை கணித உபகரணப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிகளிலோ எல்லாம் 'துணைக்கருவி' என்ற ஒரே பெயரில் ஒன்றாகப் பேசப்படுகின்றன. அலங்காரம் இன்னொரு தடை. ஒரு பொருள் தானாகவும் இருந்துகொண்டு வேறொன்றின் குறியாகவும் இருப்பதைச் சிறு குழந்தை ஒரே நேரத்தில் மனத்தில் கொள்வது கடினம் என்பதையும், அப்பொருள் விளையாட்டுப் பொருளாகக் கவர்ச்சி பெறுமளவுக்கு அக்கடினம் கூடுகிறது என்பதையும் உளவியலாளர் ஜூடி டிலோச் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பளபளக்கும் தாளொட்டி, பட்டாம்பூச்சி வரைந்து, பத்துகளுக்குச் சிவப்பும் ஒன்றுகளுக்குப் பச்சையும் பூசிய கருவியில் குழந்தை நிறத்தைக் கற்கிறது. நிறமில்லாத ஏட்டில் அதற்குப் பற்றுக்கோடு இல்லை.

எழுத்துக் கணக்கை இளவயதில் வலியுறுத்துவது குழந்தையின் சொந்தச் சிந்தனையைக் கெடுக்கும் என்ற மறுப்பு, இவையனைத்திலும் வலிமை வாய்ந்தது. உளவியலாளர் பியாஜேயின் வழிவந்த கான்ஸ்டன்ஸ் காமி, ஒன்றுகளிலிருந்து தொடங்கி மீதியை ஏற்றிச் செல்லும் எழுத்துமுறையைச் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கவே கூடாது என்று வாதிட்டவர். அவர் வாதத்தில் பாதி சரியானது. 28-ஐயும் 35-ஐயும் கூட்டும்போது, முதலில் இருபதையும் முப்பதையும் சேர்த்து ஐம்பது என்று சொல்லி, பிறகு பதின்மூன்றைச் சேர்க்கும் குழந்தை அழகாகவே எண்ணுகிறது. அதைத் தடுத்து ஒன்றுகளிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று அதட்டுவது வீண். ஆனால் இக்கட்டுரை கோருவது குறிப்பிட்ட ஓர் எழுத்துமுறையை அன்று. எந்த வழியில் எண்ணினாலும் அந்த வழி எழுத்தில் பதியவேண்டும் என்பதே கோரிக்கை. நெதர்லாந்துப் பள்ளிகளில் பத்துக்குப் பத்து நிறம் மாறும் நூறு மணிச் சரத்தில் குழந்தை செய்யும் தாவல்கள், எண்கள் குறிக்கப்படாத வெறுங்கோட்டின்மீது வரையப்படுகின்றன: 28-இலிருந்து முப்பது தாவி 58, இரண்டு தாவி 60, மூன்று தாவி 63. வழி குழந்தையுடையது, எழுத்தும் குழந்தையுடையது. காமியே கையாண்ட சோதனையொன்று இங்கு நினைக்கத்தக்கது. பதினாறு பொருள்களைப் பரப்பி 16 என்று எழுதிக் காட்டி, அதிலுள்ள 6 எவற்றைக் குறிக்கிறது என்று கேட்டால் ஆறு பொருள்களைக் காட்டும் குழந்தைகளில் பலர், 1 எதைக் குறிக்கிறது என்று கேட்டால் ஒரே ஒரு பொருளைக் காட்டுகின்றனர். எஞ்சிய ஒன்பது பொருள்கள் எந்தக் குறிக்கும் உரியனவாகாமல் கிடக்கின்றன. ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் போதுமான இந்தச் சோதனையைச் செயல்பாடு முடிந்த அன்று மாலையே செய்துபார்க்கும் ஆசிரியருக்கு, செயல்பாடு எதைக் கற்பித்தது, எதைக் கற்பிக்கவில்லை என்பது தெளிவாகிவிடும்.

இச்சோதனை ஏன் நடப்பதில்லை என்பதற்கு விடை ஆசிரியரின் அக்கறையின்மையில் இல்லை. எதைப் பாராட்டுவது, எதைப் பதிவுசெய்வது என்று கல்வித்துறை வகுத்துக்கொண்ட வழக்கத்தில் இருக்கிறது. செயலி வழி நடக்கும் மதிப்பீட்டில் விடை பதிவாகிறது. ஒன்றொன்றாக எண்ணி வந்த 63-உம் பத்தைத் திரட்டி வந்த 63-உம் அங்கே ஒன்றே. கண்காட்சியில் கருவி பார்க்கப்படுகிறது. அக்கருவியைக் கையாண்ட குழந்தைகள் அன்று என்ன எழுதினர் என்று கேட்கப்படுவதில்லை. ஒரு சில நிமிடக் காணொளியில் கைகள் அசைவதும் முகங்கள் மலர்வதும் நன்றாகத் தெரிகின்றன. ஒரு குழந்தை ஏட்டின்மேல் குனிந்து, 13 என்று எழுதி, அதை 10-உம் 3-உம் ஆகப் பிரித்து, பத்தை எங்கே எழுதுவது என்று தயங்கும் அரை நிமிடம் காணொளிக்கு உதவாது. கற்றல் நிகழ்வது பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான். அதைப் பார்க்கத் தெரியாத பாராட்டு, ஆசிரியரைப் படிப்படியாகக் கைவினைஞராக்குகிறது. மாலை நேரங்கள் வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் கழிகின்றன, ஏடுகள் திருத்தப்படாமல் கிடக்கின்றன. இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். ஆயினும் மகிழ்ச்சியான வகுப்பறை என்ற பெயரில் குழந்தைக்கு அதன் கணக்கு மறுக்கப்படும்போது, அந்த இழப்பு முதலில் விழுவது தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையின் மேல்தான் என்பதை எண்ணினால், இதைவிட மென்மையாகச் சொல்ல வழியில்லை.

செய்யவேண்டிய மாற்றம் செலவற்றது. ஒவ்வொரு செயல்பாட்டு அட்டையின் அடியிலும் குழந்தை எழுதுவதற்கான வரிகள் வேண்டும். இரண்டு கட்டும் எட்டுக் குச்சியும் எடுத்தவுடன் 20 + 8, மூன்று கட்டும் ஐந்து குச்சியும் எடுத்தவுடன் 30 + 5, தனிக்குச்சிகள் சேர்ந்தவுடன் 13, கட்டுக் கட்டியவுடன் 10 + 3, கட்டுகள் சேர்ந்தவுடன் 60, இறுதியில் 63 என்று, கை ஒரு முறை அசைந்தால் பென்சில் ஒரு முறை அசையவேண்டும். சில வாரங்கள் கழித்துக் குச்சியை மூடிவைத்து, எழுதியதை மட்டும் பார்த்து, "இந்தப் பத்து எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு, குழந்தையை வாயால் விளக்கச் சொல்லவேண்டும். பொருள்களை எப்போது எடுத்துவைப்பது என்பதைப் போலவே, எப்போது எடுத்துவிடுவது என்பதும் ஆசிரியர் கையேட்டில் இடம்பெற வேண்டும். இறுதிவரை குச்சியோடு இருக்கும் குழந்தை இறுதிவரை ஒன்றொன்றாக எண்ணும் குழந்தையாகவே இருந்துவிடும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பயிற்சிக் கட்டகங்களைத் திருத்தும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜெயங்கொண்டத்தைப் போன்ற ஒரு வட்டார வள மையம் தன் அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே, ஆசிரியர்கள் கருவிகளோடு குழந்தைகளின் ஏடுகளையும் கொண்டுவரக் கேட்கலாம்.

இதை இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் செய்தாகவேண்டும். மூன்றாம் வகுப்பில் எண்கள் ஆயிரம் வரை விரிகின்றன. கடன் வாங்கிக் கழிப்பதும் சேர்ந்துவருகிறது. 342 குச்சிகளைத் தரையில் பரப்பி எண்ணும் வசதி எந்த வகுப்பறையிலும் இல்லை.